நேப்பியர் முதல் எலியட்ஸ் வரை: கோடையில் எங்கே ஓடுகிறீர்கள், எதற்காக ஓடுகிறீர்கள்?

நேப்பியர்வாசி எழுதியது:

ஏப்ரல் பாதியிலேயே வெயில் இந்தப் போடு போடுகிறது. மே முதல் வாரத்தில் கத்திரி வேறு. நம் கூட்டத்தில் பாதிப் பேர் "ஜூலையில் பார்த்துக்கலாம்" என்று ஷூவைப் பரணில் போட்டுவிடுவார்கள். மீதிப் பேருக்காக இந்த இழை.

என் பாதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐந்து மணிக்குச் சற்று முன்னால் நேப்பியர் பாலம். 2022 செஸ் ஒலிம்பியாட்டுக்காகக் கறுப்பு வெள்ளைக் கட்டம் பூசினார்களே, அதே பாலம்தான். அங்கிருந்து தெற்கே உழைப்பாளர் சிலை, விவேகானந்தர் இல்லம், காந்தி சிலை, கலங்கரை விளக்கம். இதுவரை மூன்று கிலோமீட்டர் சொச்சம். அப்புறம் லூப் ரோடு வழியாக நொச்சிக்குப்பம், பட்டினப்பாக்கம். அதற்கு மேல் கரையோடு போக முடியாது, அடையாறு முகத்துவாரம் குறுக்கே வந்துவிடும். அதனால் சாந்தோம் நெடுஞ்சாலையைப் பிடித்து, திரு.வி.க. பாலம் தாண்டி, பெசன்ட் அவென்யூவில் பிரம்மஞான சபை மதிலை ஒட்டிப் போய், எலியட்ஸ் கடற்கரையில் கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபத்தில் நிறுத்தம். கூட்டிப் பார்த்தால் பத்து, பதினோரு கி.மீ. வரும்.

திரும்பி ஓடி வருவதில்லை. இந்திரா நகர் நிலையம் வரை நடை, அங்கிருந்து பறக்கும் ரயிலில் சேப்பாக்கம். பக்கத்து இருக்கைக்காரர்கள் பொறுத்தருள்க.

இலக்கு: ஜனவரி சென்னை மாரத்தானில் 21.1 கி.மீ. ஆனால் கோடைக்கான இலக்கில் வேகத்துக்கு இடமே இல்லை. வாரத்துக்கு ஐந்து மணி நேரம் காலில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கைக்கடிகாரத்தில் தூரத்தையும் வேகத்தையும் மறைத்துவிட்டு நேரமும் இதயத்துடிப்பும் மட்டும் தெரிகிற மாதிரி மாற்றி வைத்திருக்கிறேன். ஜூன் முடிகிற வரை அப்படியே இருக்கும்.

உங்கள் பாதை எது? இலக்கு என்ன?

டிராக்மணி எழுதியது:

பாதை அருமை. இலக்கைத்தான் ஏற்க முடியவில்லை. வேகத்தைப் பார்க்க மாட்டேன் என்பது சோம்பேறித்தனத்துக்கு வைக்கிற அழகான பெயர். கோடையில் வேகத்தை விட்டுவிட்டால் அக்டோபரில் மழை வந்து குறுக்கே நிற்கும், டிசம்பரில் புயல் வரும். அப்புறம் எப்போதுதான் வேகப் பயிற்சி? என் கணக்கில் மே மாதம்தான் 10 கி.மீ. நேரத்தை உடைக்கச் சரியான காலம். கஷ்டத்தில் பழகினால் ஜனவரியில் சுலபம்.

மெதுவண்டி எழுதியது:

தம்பி மணி, கஷ்டத்தில் பழகுவது நல்லதுதான். ஆனால் எந்தக் கஷ்டம் என்று பார்க்க வேண்டாமா?

மே மாத விடியற்காலையில் மெரினாவில் 28 டிகிரி இருக்கும், ஈரப்பதம் 85 சதவீதம் என்று வையுங்கள். ட்யூ பாயிண்ட், அதாவது காற்றிலுள்ள ஈரம் பனித்துளியாகத் தொடங்குகிற வெப்பநிலை, 25-ஐத் தொட்டுவிடும். உடம்பு தன்னைக் குளிர்விப்பது வேர்வையால் அல்ல, வேர்வை ஆவியாவதால். காற்றிலேயே அவ்வளவு நீர் இருக்கும்போது வேர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். சொட்டுகிற வேர்வையால் ஒரு பிரயோஜனமும் இல்லை, உப்பும் நீரும் போனதுதான் மிச்சம். இட்லிப் பானைக்குள் ஓடுகிற கதைதான். சூட்டை வெளியேற்ற ரத்தம் தோலுக்குப் போகிறது, தசைக்குக் குறைகிறது, இரண்டையும் சமாளிக்க இதயம் வேகமாக அடிக்கிறது. டிசம்பரில் நிமிடத்துக்கு 145 துடிப்பில் ஓடிய அதே வேகத்துக்கு மே மாதத்தில் 160 கேட்கும். கால் அதே வேலையைச் செய்யும், இதயம் வேறு வேலை செய்யும். இதில் நேரத்தை உடைத்து யாருக்கு என்ன லாபம்?

"வெயில் இல்லையே, இருட்டில்தானே ஓடுகிறேன்" என்பவர்களுக்கு ஒரு கதை. 2019இல் தோஹா உலகத் தடகளப் போட்டியில் பெண்கள் மாரத்தானை வெயிலுக்குப் பயந்து நள்ளிரவில் தொடங்கினார்கள். 30 டிகிரிக்கு மேல் வெப்பம், 70 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம். தொடங்கியவர்கள் 68 பேர், முடித்தவர்கள் 40. எல்லோரும் உலகத் தரம். அதைப் பார்த்த பிறகுதான் டோக்கியோ ஒலிம்பிக் மாரத்தானை வடக்கே சப்போரோவுக்கு மாற்றினார்கள். சூரியன் இல்லாவிட்டாலும் புழுக்கம் விடாது.

இன்னொன்று. கடலோரம் என்றால் காலையில் கடற்காற்று வரும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். கோடையில் விடியலுக்கு முன் காற்று பெரும்பாலும் தரையிலிருந்து கடலுக்குத்தான் போகும். நிலம் சூடாகி, நண்பகலுக்குப் பிறகே கடற்காற்று உள்ளே வரும். மேற்குக் காற்று பலமாக இருக்கிற நாளில் அதுவும் தாமதம். ஆகவே நேப்பியர்வாசி போகிற நேரத்தில் மெரினாவும் தி.நகரும் ஏறக்குறைய ஒன்றுதான். அவர் அங்கே போவது காட்சிக்காக. அதில் தப்பில்லை, நானும் அதற்குத்தான் போகிறேன்.

நேப்பியர்வாசி எழுதியது:

காட்சிக்காகத்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மெரினா நடைபாதையிலிருந்து தண்ணீர் எங்கே தெரிகிறது? 1880களில் கவர்னர் கிராண்ட் டஃப் நடைபாதை போட்ட காலத்தில் அலை பக்கத்தில் இருந்தது. வடக்கே துறைமுகம் கட்டிய பிறகு தெற்கேயிருந்து வரும் மணல் இங்கேயே தங்கித் தங்கி, இன்றைக்கு முந்நூறு மீட்டர் மணலுக்கு அப்பால்தான் கடல். அந்த மணல் போய்ச் சேராததால் ராயபுரம் பக்கம் அரிப்பு. நடைபாதையில் ஓடுகிறவனுக்குக் கடல் என்பது சத்தம் மட்டும்தான். உண்மையில் கடலை ஒட்டி ஓடுவது லூப் ரோட்டில்தான். அதனால்தான் எனக்கு அந்தத் துண்டின் மேல் தனி ஆசை.

நடைபாதைக் கல்லில் ஓடாதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். ஈரத்தில் வழுக்கும், மணல் தூவியிருந்தால் இன்னும் மோசம். சர்வீஸ் சாலைத் தார் எவ்வளவோ மேல். கலங்கரை விளக்கத்துக்கு முன்னால் மெட்ரோ வேலைத் தடுப்புகளைக் கவனிக்கவும்.

குப்பத்துப் பையன் எழுதியது:

லூப் ரோடு என்றதும் எட்டிப் பார்த்தேன். நான் நொச்சிக்குப்பத்தில் பிறந்து வளர்ந்தவன். ஓடுகிற ஆள் இல்லை, பந்து விளையாடுகிற ஆள்.

அண்ணன்மார்களே, அந்தச் சாலை உங்களுக்குப் பயிற்சிக் களம், எங்களுக்கு வாசல். 2023இல் சாலையோர மீன் கடைகள் விவகாரம் உயர்நீதிமன்றம் வரை போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். 2024இல் சந்தைக் கட்டடம் திறந்தார்கள். அதற்காகச் சாலை காலியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை. எங்கள் நாட்டுப் படகுகளுக்கு அது கிடையாது. ஆக, நீங்கள் சொல்கிற கோடைதான் எங்களுக்கு நல்ல விலை கிடைக்கிற காலம், வேலை ஜாஸ்தி. விடிந்ததும் படகு ஒவ்வொன்றாகக் கரைக்கு வரும். ஐஸ் வண்டி, கூடை, தள்ளுவண்டி, பேரம், எல்லாம் சாலையில்தான்.

காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு வருகிறவர்கள்தான் பிரச்சினை. பின்னால் வண்டிக்காரர் கத்துவது கேட்காது. சாலையோரத்தில் விரித்திருக்கிற வலையின் மேல் கால் வைத்து ஓடுகிறார்கள். வெறும் நூல்தானே என்று நினைப்பு. ஒரு கண்ணி அறுந்தால் உட்கார்ந்து பின்ன வேண்டியது எங்கள் அப்பா. ஐந்தரைக்குள் தாண்டிவிட்டால் யாருக்கும் தொந்தரவு இல்லை.

நேப்பியர்வாசி எழுதியது:

நியாயம் தம்பி. வலை மேல் கால் வைக்கிற ரகம் நான் இல்லை. ஐந்தரை என்பதை இந்த இழையில் எல்லோருக்கும் விதியாகவே வைத்துவிடலாம். ஐந்துக்கு முன் பாலத்தில் கிளம்பினால் தாராளமாக முடியும்.

உப்புக்காற்று எழுதியது:

ஐந்துக்கு முன் கிளம்புங்கள் என்று சொல்வது ஆண்களுக்குச் சுலபம். நான் பெசன்ட் நகர். அந்த நேரத்தில் தனியாக மெரினாவுக்கு வர மாட்டேன், வரச் சொல்லி யாருக்கும் சொல்லவும் மாட்டேன். விளக்கு எரிகிற இடம், எரியாத இடம், நாய்க் கூட்டம், திறந்திருக்கிற கழிப்பறை, இவையெல்லாம் பார்த்துத்தான் எங்கள் பாதை அமைகிறது. கடல் தெரிகிறதா என்பது கடைசிக் கேள்வி.

நாங்கள் நான்கைந்து பெண்கள் சேர்ந்து எலியட்ஸில் தொடங்கி, பெசன்ட் அவென்யூவில் மேலும் கீழுமாக ஓடுகிறோம். கோடைக்கு அந்தச் சாலைதான் சென்னையிலேயே சிறந்தது என்று அடித்துச் சொல்வேன். மதிலுக்கு உள்ளேயிருந்து கவிந்த மரங்கள். ஆறரை மணிக்குக்கூட வெயில் துண்டு துண்டாகத்தான் விழும். கடற்கரைச் சாலையில் அதே நேரம் சூரியன் நேராக முகத்தில். மே மாதத்தில் 5.40 வாக்கில் உதயம், ஆறேகாலுக்குக் கண் கூசும். மரம் இருக்கிற ஒரு கி.மீ.யை ஆறு தடவை ஓடுவது சலிப்புதான். ஆனால் யாருக்காவது தலை சுற்றினால் வண்டி நிற்கிற இடம் எப்போதும் ஐந்து நிமிடத்துக்குள். தண்ணீரும் அதே வண்டியில். நேப்பியர்வாசியின் பாதையில் திரு.வி.க. பாலத்து நடுவில் முடியாமல் போனால் என்ன செய்வது?

என் இலக்கு: கோடை முழுக்க வாரம் நான்கு நாள், ஒரு நாளும் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் இல்லை. நீள ஓட்டம் எல்லாம் ஆகஸ்டுக்கு மேல்.

அப்புறம் மணலில் ஓடுகிறவர்களுக்கு ஒன்று. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும், குஞ்சுகள் வெளியேறும். இருட்டில் நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு ஈர மணலில் ஓடாதீர்கள். வெளிச்சத்தைக் கடல் என்று நினைத்துக் குஞ்சுகள் திசை மாறிவிடும்.

டிராக்மணி எழுதியது:

மேற்கோள்: "கால் அதே வேலையைச் செய்யும், இதயம் வேறு வேலை செய்யும்."

மெதுவண்டி அண்ணா, சரி, 10 கி.மீ. முழு வேகத்தில் வேண்டாம். ஆனால் வேகமே கூடாது என்பது அளவுக்கு மீறிய பயம். இருபது விநாடி ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை, எட்டு தடவை. உடம்பு சூடேற நேரமே இல்லை. கால் வேகத்தை மறக்காது. இதையாவது விட்டுக்கொடுங்கள்.

மெதுவண்டி எழுதியது:

அதற்கு யார் வேண்டாம் என்றது? அது வேகப் பயிற்சி, நீங்கள் முதலில் சொன்னது போட்டி. சின்னச் சின்ன ஓட்டம், நிறைய ஓய்வு, தாராளமாகச் செய்யுங்கள். மெதுவான ஓட்டத்தின் கடைசியில் வாரத்துக்கு இரண்டு முறை வைத்துக்கொண்டால் போதும். உள்ளே சூடு ஏறுவது நீளமான, இடைவிடாத முயற்சியில்தான்.

மணலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காய்ந்த மணலில் ஓடுவதற்குக் கெட்டித் தரையை விட ஒன்றரை மடங்குக்கு மேல் சக்தி செலவாகும். வெறுங்காலில் பத்து நிமிடம் விளையாட்டாக ஓடலாம், ஒரு மணி நேரம் ஓடினால் மறுநாள் ஆடுசதை பேசும். ஈர மணல் மெத்தென்று இருக்கும். ஆனால் கடலை நோக்கிச் சரிவு. ஒரே பக்கமாகப் போனால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில், முழங்கால் வெளிப்புறத்தில் வலி ஆரம்பிக்கும். போன தூரம் அதே கரையில் திரும்பி வந்தால் ஓரளவு சரியாகும்.

சிராங்கூன்காரன் எழுதியது:

சிங்கப்பூரிலிருந்து ஒரு வார்த்தை. எங்களுக்குக் கோடை என்று தனியாக ஒன்று கிடையாது, வருடம் முழுக்க இதே புழுக்கம்தான். ஈஸ்ட் கோஸ்ட் பார்க் கடலை நிரப்பி உண்டாக்கிய நிலம், பதினைந்து கி.மீ. நீளத்துக்குக் கரையோரம் ஓடலாம். மரநிழல் உண்டு, வழியெல்லாம் கழிப்பறை உண்டு. உப்புக்காற்று சகோதரி கேட்பது அதிகப்படியான ஆசையே இல்லை.

குளிர்நாடுகளிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள் முதல் வாரம் ஓடிவிட்டுத் தங்களுக்கு ஏதோ நோய் என்று பயப்படுவார்கள். பத்து நாள், இரண்டு வாரம் தினமும் மெதுவாக வெளியில் ஓடினால் உடம்பு பழகிவிடும். ரத்தத்தில் பிளாஸ்மா என்கிற நீர்ப்பகுதி கூடும், வேர்வை சீக்கிரம் தொடங்கும், வேர்வையில் உப்பு குறையும். ஒரே ஒரு நிபந்தனை, நடுவில் விட்டுவிட்டு ஏசி அறையில் டிரெட்மில்லில் ஓடினால் பழகியது கரைந்துபோகும். அதனால் நேப்பியர்வாசி சொல்கிற "காலில் இருக்கும் நேரம்" எனக்குச் சரியாகவே படுகிறது.

கோபேர் சாலை எழுதியது:

புதுச்சேரி இருக்கும்போது எதற்கு இந்தப் பாடு? இங்கே கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டிகளுக்கு அனுமதியே இல்லை. நீளம் ஒன்றரை கி.மீ.தான், முன்னும் பின்னும் ஓட வேண்டும். ஆனால் அலை பாறையில் மோதுவது பக்கத்திலேயே.

நேப்பியர்வாசி எழுதியது:

வயிற்றெரிச்சலைக் கிளப்பாதீர்கள்.

இரவுப்பணி டாக்டர் எழுதியது:

அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை. அரட்டையைக் கலைக்க வந்தவனாக நினைக்க வேண்டாம். இழை நீண்டுகொண்டே போகிறது, தண்ணீரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

முதலில் உங்கள் வேர்வைக் கணக்கு. ஓடுவதற்கு முன் உடையில்லாமல் எடை பாருங்கள், ஓடி முடித்துத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். குறைந்த ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர். நடுவில் குடித்ததையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஒருவருக்கு மணிக்கு அரை லிட்டர், இன்னொருவருக்கு ஒன்றரை லிட்டர். ஆகவே "நான் இவ்வளவு குடிக்கிறேன், நீயும் குடி" என்று யாரும் யாருக்கும் சொல்ல முடியாது.

வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போனால் தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு வரை போகும். ஓட்டம் முடிந்து எடை கூடியிருந்தால் அதிகமாகக் குடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். இளநீர் நல்லது, ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் பொட்டாசியம், வேர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். உப்புப் போட்ட நீர்மோர் அந்த வகையில் மேல். மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். வாங்கினால் 20.5 கிராம் பொட்டலத்தை முழு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். கால் பொட்டலம், அரைப் பாட்டில் என்று கண்ணளவில் கலக்காதீர்கள். ரத்த அழுத்தம், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் உப்பைக் கூட்டுவதற்கு முன் தங்கள் மருத்துவரைக் கேட்கவும்.

எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம். கூட ஓடுகிறவர் சம்பந்தமில்லாமல் பேசுகிறார், தள்ளாடுகிறார், திடீரென்று எரிந்து விழுகிறார் என்றால் அது களைப்பு அல்ல. உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். வேர்க்கிறதே, அப்புறம் எப்படி ஹீட் ஸ்ட்ரோக் என்று கேட்காதீர்கள். ஓடுகிறவர்களுக்கு வேர்த்துக்கொண்டே வரும். 108-க்கு அழையுங்கள், ஆனால் ஆம்புலன்ஸ் வரும் வரை காத்திருக்காமல் அங்கேயே குளிர்விக்கத் தொடங்குங்கள். நிழல், உடையைத் தளர்த்துதல், உடம்பு முழுக்கத் தண்ணீர், விசிறல். ஐஸ் கிடைத்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு. குழப்பத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அந்த முதல் அரை மணி நேரம்தான் உயிரைத் தீர்மானிக்கிறது.

குப்பத்துப் பையன் எழுதியது:

ஐஸ் வேண்டும் என்றால் எங்கள் சந்தையில் பெட்டி பெட்டியாக இருக்கும் டாக்டர். ஆபத்துக்கு யாரும் காசு கேட்க மாட்டார்கள். மீன் வாடை அடிக்கும், பரவாயில்லைதானே?

இரவுப்பணி டாக்டர் எழுதியது:

பரவாயே இல்லை தம்பி. இந்த இழையில் வந்த மிக உபயோகமான தகவல் இதுதான்.

உப்புக்காற்று எழுதியது:

டாக்டர், மாலை ஓட்டம் எப்படி? எங்கள் குழுவில் ஒருத்திக்குக் காலையில் கைக்குழந்தை. மாலை ஆறரைக்குத்தான் முடியும்.

மெதுவண்டி எழுதியது:

டாக்டர் பணியில் இருப்பார், நான் சொல்கிறேன் அம்மா. கடற்காற்று உள்ளே வந்த நாளில் மாலை ஆறரை தாராளமாக நல்லது. தோலில் காற்று பட்டால் ஆவியாவது கூடும், அதனால் காலையை விடச் சுகமாகவே இருக்கும். தரை மட்டும் பகல் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். கடற்காற்று வராத நாள் என்றால் மொட்டை மாடிக்குப் போனாலே தெரியும், அன்றைக்கு விட்டுவிடலாம். மெரினாவில் மாலையில் கூட்டம் அலைமோதும், நடக்கவே இடமிருக்காது. உங்கள் அவென்யூதான் சரி.

டிராக்மணி எழுதியது:

சரி, என் மாற்றிய திட்டம். வாரம் நான்கு நாள் மெதுவாக, பேசிக்கொண்டே ஓடுகிற அளவில். அதில் இரண்டு நாள் கடைசியில் இருபது விநாடி ஓட்டங்கள். 10 கி.மீ. நேரத்தை உடைப்பது டிசம்பருக்கு. ஆனால் கைக்கடிகாரத்தில் வேகத்தை மறைக்க மாட்டேன், அதை நான் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்.

நேப்பியர்வாசி எழுதியது:

பாருங்கள், பாருங்கள். நானும் இரண்டு மாற்றம் செய்கிறேன். கத்திரி நடக்கிற மூன்று வாரத்துக்கு நேப்பியர் முதல் பட்டினப்பாக்கம் வரைதான், அங்கிருந்து கலங்கரை விளக்கம் ரயில் நிலையத்துக்குத் திரும்பி நடை. பாலத்து நடுவில் முடியாமல் போனால் என்ற கேள்விக்கு எனக்கு நல்ல பதில் இல்லை, அதனால் பாலத்தை ஜூனுக்குத் தள்ளிவிட்டேன். அப்புறம், ஞாயிறு மட்டும் தனியாக ஓடுவதில்லை. உழைப்பாளர் சிலை அருகே நாலே முக்காலுக்கு நிற்பேன், யார் வேண்டுமானாலும் சேரலாம். பேச முடியாத வேகத்தில் யாரும் ஓடக் கூடாது. உப்புக்காற்று குழு வருவதாக இருந்தால் அடையாறிலிருந்து ஒரே வண்டியில் வர ஏற்பாடு செய்கிறோம், திரும்பும்போதும் அப்படியே.

உப்புக்காற்று எழுதியது:

மூன்று பேர் வருகிறோம். வண்டி எங்களிடமே இருக்கிறது. நீர்மோர் நான் கொண்டு வருகிறேன். உங்கள் மெரினா வாசலில் விற்கிற அருகம்புல் சாறு எனக்கு ஒத்துக்கொள்ளாது.

மெதுவண்டி எழுதியது:

நானும் வருகிறேன். பின்னால் வருவேன், யாரும் காத்திருக்க வேண்டாம்.

குப்பத்துப் பையன் எழுதியது:

ஞாயிறு வருகிறவர்கள் கையில் கொஞ்சம் காசும் ஒரு பையும் கொண்டு வாருங்கள். சங்கரா வந்திருந்தால் அம்மாவிடம் சொல்லி எடுத்து வைக்கச் சொல்கிறேன்.

நேப்பியர்வாசி எழுதியது:

வேர்வைக்கே ரயிலில் முறைக்கிறார்கள். இதில் மீனையும் தூக்கிக்கொண்டு ஏறினால்?

உப்புக்காற்று எழுதியது:

டிக்கியில் இடம் இருக்கிறது. அரைக் கிலோ எனக்கு.